முப்பத்தாறாவது சேனல்

இந்த முனை இந்தத் துளைக்குள் நுழையாது. தெரிந்தும் மூன்றாவது தடவையாக மானிட்டரின் முதுகைக் கையால் தடவிக்கொண்டிருக்கிறேன். இரண்டே துளைகள். ஒன்று எச்டிஎம்ஐ, தட்டை. இன்னொன்று பழைய விஜிஏ, பதினைந்து பொடித் துவாரங்கள். ஸ்பெக்ட்ரம் என்ற இந்தப் பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலோ ஒரே ஒரு வட்டத் துளை, மேலே டிவி என்று எழுதியிருக்கிறது. 1987-இல் அதிலிருந்து ஒரு வயர் நேராக டிவியின் ஆன்டெனா துளைக்குப் போகும், அவ்வளவுதான் விஷயம். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. மானிட்டரில் கேபிள் டிவி பார்ப்பதற்காக ஒரு காலத்தில் எல்லாரும் வாங்கினார்களே, அந்த டியூனர் பெட்டி. ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி ஒன்று பிடித்தேன். கடைக்காரர் தூசியை ஊதிக் கொடுத்துவிட்டு, "இதுல இப்ப என்ன சார் வரும், எல்லாம் செட்டாப் பாக்ஸ் ஆயிடுச்சே" என்றார். என்ன சொல்வது? என் தங்கை குற்றவாளியா இல்லையா என்று இதில் வரும் என்றா? மணி இரண்டரை. வசுமதி ஹாலில் படுத்திருக்கிறாள். சாப்பிடும்போதே சொல்லிவிட்டாள், "ஏங்க, அது ஓடினாலும் உங்களுக்குத் தலைகுனிவு, ஓடலன்னா உங்க தங்கச்சிக்குத் தலைகுனிவு. எதுக்கு இந்த வேலை? திரும்பப் பரண்ல போட்டுருங்க." அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் மோர் சாதம் கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் வீம்புக்கு ஒரு காரியம். வீம்புதான். யாரோடு வீம்பு என்று கேட்டால் போன மாதம் வரை தங்கை திலகாவோடு என்று சொல்லியிருப்பேன். இந்தக் கறுப்புக் கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்ததிலிருந்து அது அவ்வளவு உறுதியாக இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கிறது. இதை எவ்வளவு பெரியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஆவடியில் பெரியப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். கூடத்தில் புது டிவியில் ஏதோ பழைய போட்டோக்களைக் காட்டுவதற்காக லேப்டாப்பை மாட்டினார்கள், படம் வரவில்லை. திலகா தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டே போனாள். பந்தி முடிந்து வெற்றிலையோடு வந்த என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏய், திலகாவத் தொட விடாதீங்கப்பா, வீட்டு மீட்டரும் சேந்து படுத்துடப் போகுது." எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தெட்டு வருஷமாகச் சிரிக்கிற சிரிப்பு. அப்பா தொடங்கி வைத்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகியும் நான் அணையாமல் காத்துவருவது. குரோம்பேட்டையில் நாலு ஜெராக்ஸ் மிஷின் வைத்துக் கடை நடத்துகிறாள் அவள். பேப்பர் சிக்கினால் அவளே திறக்கிறாள், டிரம் போனால் அவளே மாற்றுகிறாள், தெருவில் இருக்கும் மற்ற கடைக்காரர்கள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வேடிக்கையைச் சொல்வேன், இரண்டும் எனக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பில் இரண்டு கீயை அழுத்தினாள், படம் வந்தது. திரும்பினாள். "அண்ணே, அந்த ஸ்பெக்ட்ரம் உன்கிட்டதானே இருக்கு?" பரணில் கிடக்கிறது என்றேன். "ஒரு தடவ மாட்டிப் பாரு. உள்ள எதையும் கழட்டாம, மாத்தாம, அப்படியே. ஓடலன்னா நான்தான் கெடுத்தேன்னு இதே கூட்டத்துல சொல்றேன். ஓடுச்சுன்னா நீ என்ன சொல்லுவ?" பெரியம்மா, "நல்ல நாளும் அதுவுமா என்னடி இது, விடு" என்று அவள் கையைப் பிடித்தாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "ஓடுச்சுன்னா நான் சொல்றேன்டி, என்ன இப்ப?" என்றேன், மீசையில் மண் ஒட்டாதவன் குரலில். அவள் உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான்தான் போகவில்லை. வீட்டுக்கு வந்தும் போகவில்லை. ஒரு மாதமாக அங்கேயே நிற்கிறேன்.

விஜிஏ கேபிளை மானிட்டரில் திருகியாயிற்று. மறுமுனை டியூனர் பெட்டியில். ஆன்டெனா வயர் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. இது நுழைகிறது, சொன்னபடி கேட்கிறது. கம்ப்யூட்டரின் இடது மேல் மூலையில் இன்னும் அந்த வட்டம் தெரிகிறது, கறுப்பு பிளாஸ்டிக்கில் கொஞ்சம் வெளிறிய இடம், சந்தனப் பொட்டு இருந்த இடம். உறையூர் வீட்டில் ஆயுத பூஜைக்கு வேலை பிரித்திருந்தார்கள். மிஷின்களைத் துடைப்பது ஆண்பிள்ளை, பொட்டு வைப்பது பெண்பிள்ளை. எனக்குப் பதினேழு, அவளுக்குப் பதினைந்து. சைக்கிள், மிக்சி, தையல் மிஷின், டிவி எல்லாம் நான் துடைத்தேன். சிகாமணி மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கலர் டிவி, அதோடு வந்தது இந்தக் கம்ப்யூட்டர். "ரெண்டு பேருக்கும்தான்டா" என்று சொல்லித்தான் மாமா கொடுத்தார். புத்தகத்திலிருக்கும் புரோகிராம் வரிகளை அவள் வாசிப்பாள், நான் அடிப்பேன். "அண்ணே, நூத்தி நாப்பதுல கமா விட்டுட்ட." "விடல." "விட்டுட்ட, பாரு." விட்டிருப்பேன். இரண்டு மாதத்தில் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வரிகளைச் சொல்லத் தொடங்கினாள், அது ஓடவும் செய்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை இவ்வளவு நேராக இப்போதுதான் சொல்லிக்கொள்கிறேன். பூஜையன்று அவள் சந்தனக் கிண்ணத்தோடு அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டர் வரை நடந்தாள், கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது, ஒரு சொட்டு வழிந்து கீக்களுக்கு நடுவே இறங்கியது, தாவணி நுனியால் ஒற்றி எடுத்தாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் எடுத்து மாட்டினேன். டிவியில் வெறும் புள்ளி மழை, இரைச்சல். டியூனிங் சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். ஒன்றுமில்லை. முதல் பட்டனை அழுத்தினால் தூர்தர்ஷன் பளிச்சென்று வருகிறது. ஆக டிவி நன்றாக இருக்கிறது. ஆக கம்ப்யூட்டர்தான் போய்விட்டது. ஆக சந்தனம். பிற்பாடு முப்பது வருஷம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன், தேவநாதன் கை வைத்தால் கோளாறு தானே முன்னால் வந்து நிற்கும் என்பார்கள். என் முதல் கண்டுபிடிப்பு அதுதான். அப்பா அவளை அடிக்கவில்லை. நான் அடித்தேன். அப்பா சொன்னது ஒரே வாக்கியம், "இவ கை பட்டா எதுவும் உருப்படாது." அடி இரண்டு நாளில் போயிருக்கும்.

வாக்கியம் போகவில்லை. அடுத்த ஜூனில் அவள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் குரூப் புதிதாக வந்தது. பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா என்னைத்தான் கேட்டார், "என்னடா சொல்ற, சேத்துவிடலாமா?" நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவளுக்கும் மிஷினுக்கும் ஆகாதுப்பா." அவள் தண்ணீர்ச் செம்போடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். செம்பைத் தரையில் வைத்தாள், சத்தமே வரவில்லை, அப்படி வைத்தாள். சரித்திரம் எடுத்தாள், பி.ஏ. சரித்திரம், இருபதில் கல்யாணம். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்காவிட்டால் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவில்லை. ஆரம்பிக்கக் கூடாது. கல்யாணம் நடந்துதான் இருக்கும், ஜெராக்ஸ் கடையும் வந்துதான் இருக்கும், யார் கண்டது என்று ஒரு குரல் சொல்கிறது. அது வக்கீல் குரல். அதற்கு நான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன் போல, கூப்பிடாமலே வந்து வாதாடுகிறது. வெளியே போ. எனக்கு இப்போது வக்கீல் வேண்டாம், ஒன்பது வோல்ட் வேண்டும்.

அடாப்டர். மாமா கொடுத்த அடாப்டரின் வயர் தொட்டதும் நொறுங்கியது, அதனால் புதிதாக ஒன்று செய்து வாங்கினேன். அடாப்டர் மிஷினுக்கு உள்ளே இல்லை, அதை மாற்றினால் பந்தயத்தை மீறியதாகாது. இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோணல் உண்டு. ஊரில் கிடைக்கிற அடாப்டர்களில் பெரும்பாலும் முனையின் நடுவே பாசிடிவ், வெளியே நெகடிவ். இதற்கு நடுவே நெகடிவ். மாற்றிக் கொடுத்தால் ஒரு விநாடி, சின்னதாக ஒரு வாசனை, அதோடு முடிந்தது. மேஜையில் இரண்டு அடாப்டர்கள் கிடக்கின்றன. ஒன்று செய்து வாங்கியது. இன்னொன்று பழைய வைஃபை பெட்டியோடு வந்தது, அதே ஒன்பது வோல்ட், அதே கறுப்பு, அதே முனை, நடுவில் பாசிடிவ். இரண்டையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்? இழுப்பறையிலிருந்து ஒன்றாக வந்தன என்று சொல்லலாம். இழுப்பறையில் இருந்தது ஒன்றுதான், மற்றது அலமாரியில் இருந்தது, நானேதான் எடுத்து வந்திருக்கிறேன். தப்பான அடாப்டரை மாட்டினால் இது இன்றைக்குச் சாகும், சாவு 1987-இல் நடந்ததாகிவிடும். ஓடவில்லை திலகா என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. யாரும் இதைத் திறந்து எந்த வருஷம் செத்தது என்று பார்க்க முடியாது. அவள் வாக்குத் தவறாதவள், கூட்டத்தில் எழுந்து நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிடுவாள். சொல்லட்டும். எவ்வளவு சுலபம், முனை கூட இடிக்காமல் நுழையும். ஓடினால் எனக்கு என்ன மிச்சம்? தேவநாதன் கை என்ன ஆகும்? இல்லை. மல்டிமீட்டரை எடு. செய்து வாங்கியதன் நடுவில் சிவப்பு ஊசி, வெளியில் கறுப்பு ஊசி. மைனஸ் ஒன்பது புள்ளி ஒன்று. மைனஸ் வந்தால் சரியானது. வைஃபை அடாப்டரை ஜன்னல் வழியாக எறியத் தோன்றியது, மூன்றாவது மாடி, கீழே யாராவது போவார்கள். கட்டிலுக்கு அடியில் சுவர் வரைக்கும் தள்ளிவிட்டேன். குனிந்து எடுக்க வேண்டுமென்றால் என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. நல்லது, என் முட்டியை மட்டும்தான் இப்போதைக்கு நம்பலாம்.

மாட்டிவிட்டேன். சத்தமில்லை, வாசனையில்லை, புகையில்லை. இந்த மிஷினில் விளக்குக்கூடக் கிடையாது, உயிரோடிருக்கிறதா என்று அதுவாகச் சொல்லாது. மானிட்டரில் புள்ளி மழை, அகலத்திரை முழுக்க இழுத்துப் பரப்பிய மழை, பெட்டியின் சிறு ஸ்பீக்கரில் இரைச்சல். டியூனர் பெட்டியின் ரிமோட்டில் தேடும் பட்டனை அழுத்திப் பிடித்தேன். மூலையில் அலைவரிசை எண் நாற்பத்தெட்டில் தொடங்கி ஏறுகிறது, நூறு, நூற்று ஐம்பது. மாமா சொல்லிக் கொடுத்தது முப்பத்தாறாவது சேனல், அது ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்றில் இருக்கிறது. தூரம் நிறைய. அவசரமில்லை. அவசரமில்லை என்று சொல்கிறவன் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இருநூறு, முந்நூறு. எண்ணுக்குப் பக்கத்தில் வி என்று ஓர் எழுத்து, எந்த அலைவரிசைப் பிரிவு என்று காட்டுவது. நானூறைத் தாண்டியபோது அது யு என்று மாறியது. மாறியதும் என் வலது சுண்டுவிரல் ஞாபகம் வைத்திருந்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. மாமாவின் டிவியில் முன்பக்கம் சின்ன மூடி, திறந்தால் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு டியூனிங் சக்கரம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அரிசி அளவு ஒரு ஸ்விட்ச், மூன்று இடத்தில் நிற்கும். வி, இன்னொரு வி, யு. பன்னிரண்டாவது கம்ப்யூட்டருக்கு, அதன் ஸ்விட்ச் யு-வில் நிற்க வேண்டும். பூஜைக்கு முந்தின நாள் அதற்குள் தூசி. பழைய பனியன் துணியைச் சுண்டுவிரலில் சுற்றி மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன், அடியில் போய் விரல் திரும்பியது, ஏதோ ஒன்று லேசாக நழுவியது, அரிசி நழுவுவது போல. மறுநாளைக்கு மறுநாள் சக்கரத்தை எவ்வளவு திருப்பினால்தான் என்ன? ஸ்விட்ச் வேறு இடத்தில் நிற்கும்போது சக்கரம் வேறு ஊரில் தேடிக்கொண்டிருக்கும். தூர்தர்ஷன் முதல் சக்கரத்தில் இருந்தது, அதை யாரும் அசைக்கவில்லை. சந்தனம் இல்லை. துணி. இது உண்மையாகவே ஞாபகமா, இல்லை இந்த யு-வைப் பார்த்ததும் நான் செய்துகொண்டதா? அந்த நழுவல் மட்டும் விரலில் இருக்கிறது, பொய் சொல்ல விரலுக்கு என்ன தேவை? சரி. அதைவிட மோசமான கேள்வி ஒன்று பின்னால் நிற்கிறது, அதைப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஸ்விட்ச் நழுவியது அன்றைக்கே எனக்குத் தெரியுமா? விஜயதசமி காலையில் அந்த மூடியைத் திறந்து சக்கரத்தைத் திருப்பியபோது ஸ்விட்ச் கண் முன்னால்தானே இருந்திருக்கும்? பார்த்தேனா? பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டேனா, புத்தகத்தை மூடிவிட்டு வரிகளைச் சொல்கிறவளை நிறுத்த ஒரு வழி கிடைத்தது என்று? இந்த இடத்தில் வந்தால் ஞாபகத்தில் ஒன்றுமே இல்லை. மழைதான். ஐந்நூற்று அறுபது. ஐந்நூற்று எண்பது.

முதலில் நின்றது இரைச்சல். படம் வருவதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் கப்பென்று வாயை மூடிக்கொண்டது. மழை கலைந்து, சாய்ந்து, உருண்டு, வெள்ளையாக நின்றது. வெள்ளை முழுக்க ஒன்றுமில்லை, கீழே இடது பக்கம் ஒரே ஒரு வரி, கம்பெனியின் பெயர், ஒரு வருஷம், 1982. எழுத்துகள் அகலத்துக்கு இழுபட்டுக் குண்டாக இருந்தன, ஓரம் நடுங்கியது, ஆனால் அது அதேதான். எதுவும் கழற்றவில்லை, மாற்றவில்லை. முப்பத்தெட்டு வருஷம் இது இப்படியே நன்றாகத்தான் இருந்திருக்கிறது, பரணில், பேப்பர் சுற்றி, குற்றத்துக்குச் சாட்சியாக வைத்தது குற்றமே இல்லாமல். என் கை வயர் பக்கம் போனது. பிடுங்கிவிட்டால் யார் பார்த்தது? கை போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போ, என்னதான் செய்வாய் பார்க்கிறேன் என்று அதனிடம் சொன்னேன். அது பாதி வழியில் நின்று போனை எடுத்தது. நான் எடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரும் அறையில் இல்லை.

நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். "சொல்லுண்ணே. ஒரு நிமிஷம். ஆதாரா? முன்னாடி பின்னாடி ஒரே பக்கத்துலயா, தனித்தனியா? சொல்லு." ஓடுது என்றேன். "என்ன ஓடுது?" "ஸ்பெக்ட்ரம். அப்படியே மாட்டினேன், ஒண்ணும் கழட்டல, ஓடுது." நான் நிறுத்தினால் அப்புறம் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "நீ கெடுக்கல. டிவில அந்த மூடிக்குள்ள ஒரு ஸ்விட்ச் நழுவிடுச்சு. நான்தான் தொடச்சேன்." "தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "நீ டிவியத் தொடச்ச, அதுல என்னமோ ஆயிருக்கும்னு அன்னைக்கே சொன்னேனேண்ணே. டிவியப் பாரு, டிவியப் பாருன்னு ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டாவது தடவதான அடிச்ச." கேள்வி பின்னால் நின்றுகொண்டிருந்தது என்று சொன்னேனே, அது முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு ஞாபகம் இல்லை. அடித்தது ஞாபகம் இருக்கிறது, அவள் சொன்னது இல்லை. கைக்கு ஞாபகம் இருப்பது காதுக்கு இல்லை. "எனக்கு ஞாபகம் இல்ல திலகா" என்றேன். "உனக்கு எதுக்கு இருக்கணும்?" என்றாள், கோபமே இல்லாமல், சில்லறை இல்லை என்று சொல்வது போல. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றேன், பெரியம்மாவிலிருந்து எல்லோரும் பார்க்கட்டும். "குரூப்புலயா? எல்லாரும் கும்புடுற பொம்மை ஒண்ணு போட்டுட்டு அடுத்ததா குட்மார்னிங் போடுவாங்க. அதெல்லாம் வேணாம். வாயால சொல்லு, எல்லாரும் இருக்கறப்ப சொல்லு, சிரிக்காம சொல்லு." சரி என்றேன். "இப்ப அது ஓடிட்டிருக்கா?" "ஓடிட்டிருக்கு." "அணைக்காத. ஒரு தடவ அணைச்சா திரும்ப வருமோ வராதோ. கடையில ரெண்டு பேர் நிக்கறாங்க, அனுப்பிட்டு வரேன். அணைச்சன்னு வெச்சுக்க, கொன்னுடுவேன்." வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் நன்றாகச் சுடுகிறது. சுடத்தான் செய்யும், அப்போதும் சுட்டது, இருந்தாலும் இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம், அவள் வந்து சேரும் வரை ஒரு மணி நேரம் தாங்குமா? மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். போதாது. செய்தித்தாளை நாலாக மடித்து விசிறத் தொடங்கினேன். வசுமதி கதவைத் திறந்தாள், தூக்கக் கலக்கத்தில் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வந்துடுச்சா?" என்றாள். "வந்துடுச்சு." "அப்ப திலகா ஒண்ணும் பண்ணலையா?" "இல்ல. நான்தான்." அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "சரி, அணைச்சுட்டு வாங்க, காபி போடறேன்." "அணைக்க முடியாது, அவ வரா." அடுக்களைக்குப் போனாள். நான் ஒரு கீயையும் தொடவில்லை. விசிறிக்கொண்டே என்ன பேசுவது என்று வரிசைப்படுத்தப் பார்த்தேன். எனக்கு அப்ப பதினேழு வயசுதானே திலகா, என்று ஒரு வரி முதலில் வந்து நின்றது, நல்ல வரி, யாரும் மறுக்க முடியாது. அவளுக்குப் பதினைந்து. அந்த வரியைச் சொல்லக் கூடாது. அப்பா அப்படிப்பட்டவர், என்று அடுத்தது வந்தது. அதையும் சொல்லக் கூடாது. வேணும்னு பண்ணல என்பது மூன்றாவது, அது எனக்கே தெரியாது. ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன், கை மாற்றி விசிறினேன். சந்தில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவள் படியேறி வரும்போது என் வாயில் எதுவும் தயாராக இருக்கக் கூடாது.